காட்டுப்பூண்டு பறிக்கும் முறை: காம்பைப் பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்

மார்ச் பிறந்ததும் சுவிட்சர்லாந்து, தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா காடுகளுக்குள் நடந்தால் பூண்டு வாசம் மூக்கைத் துளைக்கும். மரங்கள் இன்னும் துளிர்த்திருக்காது. தரை மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி காட்டுப்பூண்டு. ஜெர்மன் பேசுகிறவர்கள் பேர்லௌக் என்பார்கள், பிரிட்டனில் வைல்ட் கார்லிக் அல்லது ராம்சன்ஸ். தாவரவியல் பெயர் ஆலியம் உர்சினம், லின்னேயஸ் 1753இல் பதிவு செய்தது. வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் எல்லாம் அடங்கிய அதே பேரினம்தான். இதில் சமையலுக்கு வேண்டியது இலை. பிறகு மொட்டும் பூவும், கடைசியில் பச்சை விதையும். மண்ணுக்குள் இருக்கும் குமிழைத் தொடவே வேண்டாம்.

அந்த ஊர்களில் குடியேறி, பக்கத்து வீட்டார் பை நிறையப் பறித்து வருவதைப் பார்த்து, நாமும் போகலாமே என்று நினைக்கிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. போகலாம். ஆனால் அதே காட்டில், அதே மாதத்தில், கிட்டத்தட்ட அதே வடிவ இலையோடு மூன்று நச்சுச் செடிகள் முளைக்கின்றன. அவற்றில் ஒன்று ஆளையே கொல்லும். அதனால் சமையல் குறிப்புக்கு முன்னால் செடியைப் படிக்க வேண்டும். அவசரப்படாமல் படியுங்கள்.

எப்போது, எங்கே

ரைன் ஆற்றுச் சமவெளி, ஜெனீவா, வியன்னா போன்ற தாழ்வான, மிதமான இடங்களில் பிப்ரவரி கடைசியிலேயே முதல் இலைகள் எட்டிப்பார்க்கும். பெரும்பாலான ஊர்களில் மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் கடைசி வரை இலைக்கு நல்ல பருவம். மலைச்சரிவுகளிலும் ஸ்காட்லாந்திலும் சில வாரங்கள் தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். பூத்த பிறகு இலை தடித்து, நாராகி, காட்டம் கூடிவிடும். ஜூன் முடிவதற்குள் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து, செடி இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

மரங்கள் இலை விட்டு நிழலை மூடுவதற்குள் ஒரு வருடத்துக்கான உணவை இந்தச் செடி சேர்த்துக்கொள்கிறது. இவ்வளவு குறுகிய பருவத்துக்கு அதுதான் காரணம். பீச், ஆஷ், மேப்பிள் மரங்கள் நிற்கும் ஈரமான காடுகள், ஓடைக்கரைகள், வடக்கு நோக்கிய சரிவுகள், சுண்ணாம்புச் சத்துள்ள மண் ஆகியவை அதற்குப் பிடித்தவை. ஊசியிலைக் காட்டிலும் வறண்ட மணலிலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லைப்சிக் நகரின் ஆற்றங்கரைக் காடும் வியன்னாவைச் சுற்றியுள்ள காடுகளும் இதற்குப் பேர்போனவை.

பெர்லின்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பூங்காக்களில் மண்டிக் கிடப்பது பெரும்பாலும் ஆலியம் பாரடாக்ஸம் என்ற உறவுக்கார இனம். இலை புல் போல ஒடுங்கலாக, முக்கோண முதுகோடு இருக்கும். ஒவ்வொரு தண்டிலும் ஒன்றிரண்டு பூக்களும் பச்சைக் குட்டிக் குமிழ்களும் சேர்ந்து வரும். அதையும் சாப்பிடலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் இலை அடையாளங்கள் அதற்குப் பொருந்தாது.

செடியைப் படிப்பது

முதலில் ஒரே ஒரு செடி முன்னால் குந்தி உட்காருங்கள். இலையை மேலே பார்க்காமல், விரலைக் காம்பு வழியே மண் வரை கொண்டுபோங்கள். காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலைக்கும் தனிக் காம்பு உண்டு. மெல்லிய, வெளிறிய அந்தக் காம்பு 5 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீண்டு, தனியாகவே மண்ணிலிருந்து மேலே வரும். ஒரு குமிழுக்குப் பெரும்பாலும் இரண்டு இலைகள், ஆனால் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து நிற்காது. இந்த ஓர் அடையாளத்தை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். மேற்புறம் லேசாகப் பளபளக்கும், அடிப்புறம் பளபளப்பில்லாமல் மங்கலாக, கொஞ்சம் வெளிறி இருக்கும். நடுநரம்பு அடிப்புறத்தில் புடைத்துத் தெரியும். அதை மடக்கினால் மெல்லிய சத்தத்தோடு ஒடியும். இலை மென்மையானது, கையில் துவண்டு விழும். நீளம் 10 முதல் 25 சென்டிமீட்டர், அகலம் 2 முதல் 7 சென்டிமீட்டர். இரண்டு முனையும் குறுகிய ஈட்டி வடிவம்.

பூ வந்துவிட்டால் வேலை சுலபம். இலையில்லாத தண்டின் உச்சியில், ஆறு இதழ் கொண்ட வெள்ளை நட்சத்திரப் பூக்கள் குடை போல விரிந்திருக்கும். அந்தத் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் உருளாது, விளிம்பு தட்டும். ஆனால் ஒரு செடியின் பூ அந்தச் செடிக்கு மட்டுமே சாட்சி. பக்கத்தில் நிற்கும் இலை வேறொரு செடியுடையதாக இருக்கலாம்.

வாசனையைப் பற்றிப் பலரும் சொல்லும் யோசனை, "கசக்கி முகர்ந்து பார், பூண்டு வாசம் வந்தால் பறி" என்பது. முதல் இலைக்கு அது சரி. மூன்றாவது இலைக்குள் உங்கள் விரலெல்லாம் பூண்டு மணக்கும். அதன்பின் எந்த நச்சிலையைக் கசக்கினாலும் பூண்டாகத்தான் மணக்கும். காட்டு முழுக்க அந்த வாசம் நிறைந்திருப்பதால் மூக்கும் மரத்துப்போகும். வாசனை ஒரு துணைச் சான்று. தீர்ப்பைக் காம்புதான் சொல்ல வேண்டும்.

மூன்று நச்சுச் செடிகள்

மிகக் கொடியது, ஜெர்மன்காரர்கள் ஹெர்ப்ஸ்ட்சைட்லோசே என்றும் ஆங்கிலேயர்கள் ஆட்டம் குரோக்கஸ் என்றும் அழைக்கும் கொல்ச்சிக்கம். இதன் நஞ்சு கொல்ச்சிசின். நம் ஊர்க் கார்த்திகைப்பூ, அதாவது செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, மருந்து ஆலைகளுக்கு விதை விற்பது இந்தப் பொருளுக்காகத்தான். ஊரில் அந்தக் கிழங்கின் மீது இருக்கும் பயம் இந்த இலையின் மீதும் இருக்கட்டும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டதும் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் தேறிவிட்டது போலத் தோன்றும். அதன் பிறகு ஈரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகப் பழுதாகும். மருத்துவமனைகளில் கையில் எடுத்துக் கொடுக்கும்படியான முறிமருந்து கிடையாது.

அடையாளம்: இந்த இலைக்குக் காம்பே இல்லை. மூன்று நான்கு இலைகள் ஒரே அடியிலிருந்து, ஒன்றை ஒன்று தழுவியபடி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இரண்டு பக்கமும் பளபளப்பு. இலைகளை விலக்கிப் பார்த்தால், வசந்தத்தில் நடுவே ஒரு பச்சைக் காய் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். இதன் பூ முந்திய இலையுதிர்காலத்திலேயே பூத்து முடிந்துவிட்டது, அதன் காய்தான் இது. வசந்தத்தில் பூவைத் தேடி ஏமாற வேண்டாம். பொதுவாக ஈரமான புல்வெளிச் செடி இது, காட்டோரத்திலும் வரும். ஆகவே புல்வெளியும் காடும் சேரும் ஓரத்தில் பறிக்கவே பறிக்காதீர்கள். உள்ளே நல்ல நிழலில் நிறையக் கிடைக்கும்.

இரண்டாவது லில்லி ஆஃப் த வேலி, ஜெர்மனில் மைக்ளொக்சென். இதன் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது. அலரி விதையில் இருக்கும் நஞ்சும் இதே வகையைச் சேர்ந்தது. இங்கேயும் இரண்டிரண்டு இலைகள் வருவதால் குழப்பம் அதிகம். ஆனால் அந்த இரண்டும் ஒரே தண்டிலிருந்து, ஒன்றின் உறைக்குள் மற்றொன்று சுருண்டு வெளிவரும். தனித்தனிக் காம்பாகப் பிரியாது. இலை தடிமனாக, விறைப்பாக இருக்கும். பளபளப்பு அடிப்புறத்தில் கூடுதல், காட்டுப்பூண்டுக்கு நேர் எதிர். பெரும்பாலும் ஏப்ரலில்தான் இலை விரிக்கும். அதனால் மார்ச்சில் பறிக்கிறவர்களுக்கு ஆபத்து குறைவு, ஏப்ரல் பிற்பாதியில் அதிகம். பூ, தண்டின் ஒரு பக்கமாக வரிசையாய்த் தொங்கும் வெள்ளை மணிகள்.

மூன்றாவது ஆரும், பிரிட்டனில் லார்ட்ஸ் அண்ட் லேடீஸ். முற்றிய இலை அம்பு முனை போல இரண்டு காதுகளோடு இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். சிக்கல் குட்டி இலையில்தான். காது இன்னும் வளராத பருவத்தில், காட்டுப்பூண்டுப் படர்வுக்கு நடுவிலேயே, தனிக் காம்போடு நிற்கும். காம்பு அடையாளம் தோற்கும் ஒரே இடம் இது. இங்கே நரம்பைப் பாருங்கள். காட்டுப்பூண்டில் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஆருமில் நடுநரம்பிலிருந்து பக்கவாட்டில் கிளைத்து வலையாகப் பின்னும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாகத் தெரியும். இது கருணைக்கிழங்குக் குடும்பம். காறலுக்குக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதில் ஏராளம். ஒரு துண்டு வாயில் பட்டாலே நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். தட்டு முழுக்கக் காட்டுப்பூண்டு இருந்தாலும் ஓரிரு ஆரும் இலை கலந்தால் எல்லாம் வீண்.

பறிக்கும் முறை

1. கூடை அல்லது துணிப்பை, ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஈரத்துணி. பிளாஸ்டிக் பையில் இலை வெந்து குழைந்துவிடும்.

2. பாதை ஓரத்திலிருந்து சில மீட்டராவது உள்ளே செல்லுங்கள், ஆனால் படர்வின் நடுவில் மிதித்துக்கொண்டு போகாதீர்கள். மிதிபட்ட செடி அந்த வருடம் எழாது. படர்வின் ஓரத்தில் நின்று எட்டும் தூரத்தில் பறித்தாலே போதும்.

3. முழுதாக விரிந்த இலையை மட்டும் எடுங்கள். சுருண்டு கிடக்கும் குருத்தில் எந்த அடையாளமும் சரியாகத் தெரியாது.

4. ஒவ்வோர் இலையாக: காம்பைப் பார், அடிப்புறத்தைத் திருப்பு, கிள்ளு. காம்பில் இரண்டு விரற்கடை இலையோடு இருக்கட்டும். வீட்டில் மறுபடி சரிபார்க்க அது உதவும்.

5. ஒரு செடியில் ஓர் இலைக்கு மேல் எடுக்க வேண்டாம். மிச்சமுள்ள இலைதான் அடுத்த வருடத்துக் குமிழுக்குத் தீனி.

6. குமிழோடு பிடுங்க வேண்டாம். விதையிலிருந்து பூக்கும் செடியாக வளரப் பல வருடங்கள் ஆகும்.

கைநிறையக் கொத்தாகப் பிடித்து அரிவாளால் கீரை அறுப்பது போல அறுக்கிறவர்களைக் காட்டில் நிறையப் பார்க்கலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் நச்சிலை பைக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒரு நாள் சமையலுக்கு 100 கிராம் போதும். அது சுமார் 50 முதல் 80 இலை. ஒவ்வொன்றாகப் பறித்தாலும் பெரிய நேரம் பிடிக்காது. குழந்தைகளோடு போனால், அவர்கள் பறித்ததைத் தனிப் பையில் போட்டு, வீட்டில் நீங்கள் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்தத் தேவைக்குச் சிறிய அளவு பறிக்க அனுமதிக்கிறது. ஒரு கைக்கட்டு என்பது நடைமுறைக் கணக்கு. இயற்கைக் காப்பகங்களில் கூடாது. பச்சை விளிம்பிட்ட முக்கோணத்தில் கழுகு, அல்லது மஞ்சள் பலகையில் ஆந்தை தெரிந்தால் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் குடியியல் சட்டத்தின் 699ஆம் பிரிவு காட்டுக்குள் செல்லவும் ஊர் வழக்கப்படிச் சேகரிக்கவும் இடம் தருகிறது. அளவையும் தடைப் பகுதிகளையும் அந்தந்தக் கன்டோன், அதாவது மாநிலம், முடிவு செய்யும். பிரிட்டனில் நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இலை பறிக்கலாம், ஆனால் விற்பனைக்காகப் பறித்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் பாயும்.

வீட்டுக்கு வந்ததும்

மேசையில் வெள்ளைத் துணி விரித்து இலைகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். காம்பில்லாதவை, இரண்டாக ஒட்டியவை, வலைநரம்புள்ளவை, உங்களுக்குச் சந்தேகமாக இருப்பவை எல்லாம் குப்பைக்கு. ஒரே ஒரு இலைக்காக யோசித்து நிற்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். கடையில் வாங்கிய கட்டையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிறகு குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நரிப்புழு பற்றி அண்டை வீட்டார் எச்சரிப்பார்கள். நரியின் எச்சத்திலிருந்து வரும் நாடாப்புழு முட்டை அது. தெற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, கிழக்குப் பிரான்சில் உண்டு, பிரிட்டனில் இல்லை. காட்டிலிருந்து பறித்த இலையால் தொற்று ஏற்படுவது மிக அரிது. இருந்தாலும் நோய் வந்தால் வருடக்கணக்கில் தெரியாமல் ஈரலைத் தின்னும். அலசினால் முட்டை குறையும், முழுதாகப் போய்விடும் என்ற உறுதி இல்லை. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியும் அதைக் கொல்லாது. சூடுதான் கொல்லும். 60 டிகிரிக்கு மேல் சில நிமிடம் வேகவைத்தால் கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் சமைத்தே கொடுங்கள்.

அலசிய இலையை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். டப்பா இறுக்கமாக மூட வேண்டும், இல்லாவிட்டால் பாலும் வெண்ணெயும் பூண்டு வாசம் பிடித்துக்கொள்ளும்.

சமையல்

காட்டுப்பூண்டின் மணம் கந்தகச் சேர்மங்களால் ஆனது. இலையை நறுக்கும்போது உருவாகி, சூடு பட்டதும் பறந்துவிடும். அதனால் ஒரே விதி: நறுக்குவது போடும் நேரத்தில், போடுவது கடைசியில். வெள்ளைப்பூண்டு போலத் தாளிப்பில் முதலில் போட்டு வதக்கினால் மணமில்லாத ஒரு கீரைதான் மிஞ்சும்.

ஐரோப்பியச் சமையலில் முதலிடம் பெஸ்டோ என்ற பச்சைத் துவையலுக்கு. இலை 100 கிராம், வறுத்த சூரியகாந்தி விதை அல்லது வால்நட் 40 கிராம், துருவிய கடினச் சீஸ் 40 கிராம், எண்ணெய் 120 மில்லி, உப்பு முக்கால் தேக்கரண்டி. அலசிய இலையைத் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். விதையை முதலில் பொடித்து, இலையைச் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறி நிறம் கறுக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்சியில் வேகமாக அடித்தால் கசப்பு ஏறும், அதைக் கடைசியில் கரண்டியால் கலக்குங்கள் அல்லது சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள்.

இந்தப் பெஸ்டோவை ஜாடியில் அடைத்து அலமாரியில் வைக்கக் கூடாது. எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் மூழ்கிய, புளிப்பில்லாத பச்சை இலை, பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு ஏற்ற இடம். வாசனையோ நிறமோ மாறாமலேயே நஞ்சு சேரலாம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைச் சின்னச் சின்னப் பங்காக உறைய வையுங்கள்.

பூண்டு வெண்ணெய் இன்னும் எளிது. அறைச் சூட்டில் இளகிய வெண்ணெய் 250 கிராம், பொடியாக நறுக்கிய இலை 50 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில துளி. கத்தியால் நறுக்குங்கள், அரைத்தால் நீர் விட்டு வெண்ணெய் திரிந்தது போல ஆகும். தாளில் உருட்டி உறைய வைத்தால் வேண்டும்போது வில்லையாக வெட்டிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு சூப்பில் ஒரு பிடி இலையை இறக்கும்போது சேர்த்து அரைப்பதும், தயிர்ச் சீஸில் நறுக்கிப் போட்டு ரொட்டியில் தடவுவதும் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கார்ன்வாலில் யார்க் என்ற சீஸின் ஒரு வகையை இந்த இலையால் சுற்றியே பழுக்க வைக்கிறார்கள்.

நம் அடுப்புக்கு இந்த இலை அருமையாகப் பொருந்தும். வறை செய்ய, 150 கிராம் இலையைப் பொடியாக அரியுங்கள். எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, 50 கிராம் தேங்காய்ப்பூவை முதலில் பிரட்டுங்கள். இலை அதன் பிறகு. மூடாமல் மூன்று நிமிடம் பிரட்டி இறக்கிவிடுங்கள். மூடினால் நீர் கோத்து நிறம் மங்கும். 150 கிராம் இலை வாடி ஒரு கிண்ணம்கூட வராது, இரண்டு பேருக்குத்தான் காணும். துவையலுக்கு 75 கிராம் இலை, இரண்டு மேசைக்கரண்டி வறுத்த உளுந்து, நான்கு வறுத்த மிளகாய், மூன்று மேசைக்கரண்டி தேங்காய், நெல்லிக்காயில் பாதியளவு புளி. மற்றதை அரைத்துவிட்டு, இலையைச் சூடான கடாயில் அரை நிமிடம் புரட்டிச் சேருங்கள். வெள்ளைப்பூண்டு வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் காட்டம் தாங்காது. ரொட்டி மாவில் 300 கிராமுக்கு 60 கிராம் இலை பிசையலாம். உப்பு பட்டதும் இலை நீர் விடும் என்பதால் முதலில் இலையையும் உப்பையும் மாவில் பிசறி ஐந்து நிமிடம் விட்டு, பிறகு தேவைப்படும் தண்ணீரைத் தெளியுங்கள். பருப்பில் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு.

பச்சையாக நிறையச் சாப்பிட்டால் வெறும் வயிற்றில் எரிச்சல் வரும். ஒரு வேளைக்கு ஏழெட்டு இலையில் தொடங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் தினமும் உண்ணுமுன் மருத்துவரைக் கேட்கட்டும். நாய்க்கும் பூனைக்கும் ஒரு துண்டும் வேண்டாம். வெங்காயக் குடும்பம் முழுதும் அவற்றின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மொட்டு, பூ, விதை

உறைக்குள் மூடியிருக்கும் மொட்டு இலையைவிடக் காரம். பூ இனிப்பும் காரமுமாக இருக்கும். சாலட், தயிர்ப்பச்சடி மேலே தூவலாம். பூத்தண்டை எடுத்தால் அந்த வருட விதை போச்சு, அதனால் பத்துக்கு ஒன்றாகக் கிள்ளுங்கள்.

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மூன்று அறைகளாகப் பிளந்த பச்சைக் காய்கள் வரும். கறுக்கும் முன் பறித்தால், ஐரோப்பியர்கள் ஊறவைத்துச் சாப்பிடும் கேப்பர் மொட்டு போல ஊறுகாய் போடலாம். 100 கிராம் காயை 40 கிராம் உப்பில் பிசறி, ஜாடியில் மூடி, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உப்பை அலசி, ஒரு மணி நேரம் நல்ல நீரில் ஊறவைத்து வடித்து, கொதிக்க வைத்து ஆற்றிய 5 சதவீத வினிகரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். மூன்று வாரத்தில் காட்டம் அடங்கி, மீனுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளத் தயார். உப்பில் ஊறும் காலத்தைக் குறைத்தால் நாக்கைச் சுடும் காரம் போகாது.

இலையைக் காயவைத்துச் சேமிக்க நினைப்பவர்கள் பலர். நிழலில் காய்ந்த இலை மணமிழந்து வைக்கோல் ஆகிவிடும். மணம் ஓரளவு தங்கும் வழி உப்பு. 100 கிராம் இலையை 400 கிராம் கல்லுப்போடு அரைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனை 50 டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, மூன்று நான்கு மணி நேரம் உலர்த்துங்கள். சூடு கூடினால் பச்சை பழுப்பாகும். கட்டியானதை மறுபடி பொடித்து ஜாடியில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நறுக்கிய இலையைப் பையில் தட்டையாக உறைய வைப்பதும் நல்ல வழி. இரண்டு பை போடுங்கள், ஐஸ்கிரீம் பூண்டு மணக்காமலிருக்க.

தவறி உண்டுவிட்டால்

உணவில் ஏதோ வேறு இலை கலந்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 145, நஞ்சுத் தகவல் மையம், இரவும் பகலும் எடுப்பார்கள். ஜெர்மனியில் பெர்லின் மையத்துக்கு 030 19240. மயக்கம், தொடர் வாந்தி, தாறுமாறான நாடித்துடிப்பு இருந்தால் நேரே 112, சுவிட்சர்லாந்தில் 144, பிரிட்டனில் 999. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் உப்புநீரும் கொடுக்காதீர்கள். சமைக்காத இலை, சமைத்த மிச்சம், வாந்தி, எது இருந்தாலும் ஒரு பையில் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செடி என்று உறுதியானால் சிகிச்சை வேகமாகும். சேர்ந்து சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், நன்றாக இருப்பவர்களும்.

வீட்டிலேயே வளர்க்க

காட்டுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கும், அடையாளத்தில் இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கும் தொட்டி நல்ல வழி. நாற்றுப்பண்ணைகளில் குமிழோ தொட்டிச் செடியோ கிடைக்கும். குறைந்தது 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் இலைமக்கு கலந்த மண், ஒரு பிடி சுண்ணாம்புத்தூள். இலையுதிர்காலத்தில் குமிழை 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றி, நிழலில் வையுங்கள். மண் காயவே கூடாது. கோடையில் இலை மறைந்த பிறகும் இது பொருந்தும். செடி செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியை வெயிலில் வைப்பதுதான் பலரும் செய்வது, அடுத்த மார்ச்சில் எதுவும் முளைக்காது. முதல் வருடம் பறிக்காதீர்கள். அடுத்த வருடத்திலிருந்து செடிக்கு ஓர் இலை.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமை வேண்டும். கறுத்ததும் ஜூலையிலேயே விதைத்து வெளியே விடுங்கள். கோடையின் சூடும் குளிர்காலத்தின் குளிரும் முறையே பட்ட பிறகுதான் உறக்கம் கலையும், சில விதைகள் இரண்டாவது வசந்தத்தில்தான் தலைகாட்டும். பழைய, காய்ந்த விதை முளைப்பது அபூர்வம். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விதை அனுப்பிப் பயனில்லை, குளிர்காலம் இல்லாமல் அது எழாது. தோட்டத்தில் நேரே நட்டால் சில வருடங்களில் பாத்தி முழுதையும் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஓரத்தில் தடுப்புப் பலகை பதியுங்கள். தோட்டத்தில் ஏற்கெனவே லில்லி ஆஃப் த வேலி இருந்தால் அதன் வேர் மண்ணுக்கடியில் படர்ந்து இந்தப் பாத்திக்குள்ளும் முளைக்கும். அப்படியானால் காட்டுப்பூண்டைத் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.